வீட்டு வன்முறை, மனவடு, தாய்ப்பால்: சிங்கப்பூர்த் தமிழ்த் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்ப்பால் ஆலோசனைத் தொண்டூழியராக ஒருமுறை ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். தாயிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். எத்தனை முறை பால் கொடுக்கிறீர்கள், இரவில் தூங்குகிறீர்களா, வலி இருக்கிறதா என்று எதைக் கேட்டாலும் அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கீழ்த்தளத்துக் காப்பிக்கடைக்குக் கணவர் இறங்கிப் போன பிறகு, மின்தூக்கியின் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பயத்துல பால் வத்திப் போயிடுமாக்கா?”

கீழே உள்ளவற்றில் முதல் கேள்வி அவருடையது. மற்றவை வெவ்வேறு தாய்மார் வெவ்வேறு சொற்களில் கேட்டவை. யாருடைய அடையாளமும் தெரியாதபடி பொதுவாக்கி எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்கள் இப்போதே ஆபத்தில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், காவல்துறையை 999இல் அழையுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். செய்தியில் முதலில் முகவரியை எழுதுங்கள்.

பயத்தால் பால் வற்றிப் போகுமா?

ஒரே நாளில் வற்றாது. ஆனால் இறங்காமல் போகும். பால் ஊறுவது வேறு, பால் இறங்குவது வேறு என்பதை நம் பாட்டிமார் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். மருத்துவமும் அதையேதான் சொல்கிறது. பாலை உற்பத்தி செய்யத் தூண்டுவது புரோலாக்டின் என்ற இயக்குநீர். உற்பத்தியான பாலை நுண்ணிய பைகளிலிருந்து காம்பை நோக்கித் தள்ளுவது ஆக்சிடோசின். குழந்தை சப்பும்போது மட்டுமன்றி, குழந்தையின் அழுகையைக் கேட்டாலும், அதன் வாசனை பட்டாலும்கூட ஆக்சிடோசின் சுரக்கும். பயமும் வலியும் அவமானமும் அதைத் தடுக்கும். உடல் ஆபத்தை உணர்ந்து அட்ரினலினைச் சுரக்கும்போது, ஓடவோ ஒளியவோ ஆயத்தமாகும் உடலுக்குப் பால் கொடுப்பது அந்த நேரத்து வேலையாகத் தெரிவதில்லை.

ஆகவே மார்பு கனத்திருக்கும், குழந்தை சப்பும், பால் வராது. குழந்தை உதறிக்கொண்டு அழும். பக்கத்தில் இருப்பவர் “பால் இல்லை, பால்மாவைக் கரைத்துக் கொடு” என்பார். குழந்தை புட்டிப் பாலைக் குடித்துத் தூங்கிவிடும்; மார்பிலோ பால் தேங்கி நிற்கும். தேங்கிய பால், “இனி இவ்வளவு வேண்டாம்” என்று உற்பத்தியைக் குறைக்கும் சமிக்ஞையாக மாறுகிறது. இது ஒரு வாரம், இரண்டு வாரம் தொடர்ந்தால் அப்போது உண்மையாகவே பால் குறையும். எல்லாரும் தாயின் உடலைக் குறை சொல்வார்கள். முதல் நாள் பால் இறங்காததற்குக் காரணமாக இருந்த சத்தத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பால் குறைவு என்று வருபவரிடம் மார்பைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சிறு சோதனை உதவும். கூடத்தில் கணவர் முன்னிலையில் உட்கார்ந்து பம்ப் செய்யும்போது வரும் அளவையும், அவர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அதே கருவியில் எடுக்கும்போது வரும் அளவையும் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் குறை உங்கள் மார்பில் இல்லை. பால் இறங்கப் பத்து நிமிடத் தனிமை, முதுகிலோ மார்பிலோ ஒரு வெதுவெதுப்பான துணி, மெதுவான மூச்சு, வெறுந்தோலில் படும்படி குழந்தையை அணைத்துக்கொள்வது ஆகியவை உதவும். வீடு அமைதியாவதற்கு ஈடாக இவை எதுவும் ஆகா என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் என்னை அடித்ததில்லை. இதையும் வன்முறை என்று சொல்லலாமா?

சொல்லலாம், சட்டமும் சொல்கிறது. பெண்களையும் குடும்பத்தையும் பற்றிய சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனத்தில் 2023இல் நிறைவேற்றப்பட்டு 2025 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தங்கள், குடும்ப வன்முறை என்பது உடல்ரீதியானது மட்டுமல்ல, பாலியல்ரீதியானதும் உணர்வுரீதியானதும் உளரீதியானதும் ஆகலாம் என்று தெளிவாக வரையறுக்கின்றன. கணவர் என்பதற்காக மனைவியை வல்லுறவு கொள்பவருக்கு இருந்த சட்ட விலக்கும் 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் இல்லை. தையல் ஆறாத உடம்பில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் நடப்பதைக் கடமை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பச்சை உடம்புக்காரியின் விஷயத்தில் அதிகாரம் செலுத்துவதற்குத் தனி வழிகள் உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையைப் பிடுங்கிச் செல்வது, இரவில் குழந்தை அழுதால் தாயைத் திட்டுவது, வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு டயப்பருக்குக்கூடக் கணக்குக் கேட்பது, உடல் பருத்ததைக் கேலி செய்வது, தாய்வீட்டுக்கு வரும் அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது எல்லாம் அவற்றில் அடங்கும். “பால் கொடுப்பதை நிறுத்து” என்று மிரட்டுவதும், “நிறுத்தினால் நீ தாயா?” என்று மிரட்டுவதும் ஒன்றுதான். இரண்டிலும் அவளுடைய உடம்பைப் பற்றி வேறொருவர் முடிவு செய்கிறார்.

பத்தியத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் பிரசவ மருந்தும் அன்போடு சமைத்துக் கொடுக்கப்படும்போது அவற்றுக்கு இணையான கவனிப்பு வேறில்லை. ஆனால் ஒரு தாய் தாகத்தோடு தண்ணீர் கேட்கும்போது “வயிறு போட்டுவிடும்” என்று மறுப்பதும், பசிக்கிறது என்றால் “உனக்கு வாயைக் கட்டத் தெரியாதா?” என்பதும் பத்தியம் ஆகாது. தாகத்துக்கு மேல் குடிப்பதால் பால் பெருகிவிடாது என்பது உண்மையே. தாகத்தோடு இருப்பது மட்டும் யாருக்கும் நல்லதில்லை. எது வழக்கம், எது அடக்குமுறை என்று பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. “வேண்டாம்” என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முகம் கோணினால் வழக்கம். உங்களுக்குப் பயம் வந்தால் அது வேறு.

கர்ப்பமாக இருந்தபோதே நடந்தது. அது இப்போதும் என் உடலைப் பாதிக்குமா?

உலகில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பெண்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையையோ, பிறரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. கர்ப்ப காலம் இதற்கு விதிவிலக்கான காலம் அல்ல. அப்போது நடக்கும் வன்முறை, குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் உள்ள அபாயத்தைக் கூட்டுகிறது. குறைமாதக் குழந்தைக்குச் சப்பும் வலு குறைவு என்பதால் தாய்ப்பால் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. நீண்ட, அச்சம் நிறைந்த பிரசவத்துக்குப் பின், வழக்கமாக இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பெருகும் பால் சற்றுத் தாமதமாகவும் வரலாம். அந்த நாள்களில் சுரக்கும் சிறிதளவு சீம்பாலைப் “போதாது” என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

தாயின் உடலில் தெரிவது பெரும்பாலும் வேறு பெயரில் வரும். ஓயாத தலைவலி, வயிற்று எரிச்சல், இடுப்பு வலி, குழந்தை தூங்கினாலும் வராத தூக்கம், கதவுப் பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கே படபடக்கும் நெஞ்சு ஆகியவற்றோடு ஒரு பெண் திரும்பத் திரும்ப மருந்தகத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை கிடைக்கும்.

கழுத்தை நெரித்தது மட்டும் தனி. சில விநாடிகளே நடந்திருந்தாலும், கழுத்தில் தழும்பே இல்லாவிட்டாலும், குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, தலைசுற்றல், நினைவு தப்பியது போன்றவை இருந்தால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தக் குழாயில் ஏற்பட்ட காயம் சில நாள் கழித்துக்கூட ஆபத்தாகலாம். “நெஞ்சு வலி” என்று சுற்றி வளைக்காமல் கழுத்து நெரிக்கப்பட்டது என்றே சொல்லுங்கள்.

கோபத்தோடும் அழுகையோடும் பால் கொடுத்தால் அது குழந்தைக்கு நஞ்சாகும் என்கிறார் மாமியார். உண்மையா?

இல்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் மிகச் சிறிய அளவில் பாலில் கலக்கும் என்பது உண்மை. அதனால் பால் கெட்டுப்போவதில்லை, குழந்தைக்கு நோய் வருவதுமில்லை. அழுதுகொண்டே கொடுத்தாலும் அது தாய்ப்பால்தான்.

வீட்டுச் சண்டை குழந்தையை எட்டுவது பால் வழியாக அல்ல, காது வழியாக. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது மூளைப் படம் எடுத்தார்கள். பெற்றோரிடையே சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளை, தூக்கத்திலும் கோபக் குரலுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது. “பிள்ளை தூங்குகிறது, அதற்கு என்ன தெரியும்” என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். கேட்க வேண்டிய கேள்வி, அழும் தாயின் பால் நல்லதா என்பது அன்று. அவளை அழவைத்தது யார் என்பதுதான்.

பால் கொடுக்கும்போது உடல் கூசுகிறது, பழைய நினைவுகள் வருகின்றன. நான் கெட்ட தாயா?

சிறு வயதிலோ திருமணத்திலோ பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் சிலருக்கு, மார்பில் குழந்தையின் வாய் படுவதே அன்றைய நினைவைக் கிளறிவிடும். குறிப்பாக இருட்டில், படுக்கையில், பாதித் தூக்கத்தில் கொடுக்கும்போது. பிரசவ அறையில் கேட்காமலேயே மார்பைப் பிடித்துக் குழந்தையின் வாயில் வைக்கும் தாதியின் நல்லெண்ணமும் அதே காயத்தில்தான் போய்ப் படும். இதற்கும் உங்கள் தாய்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உடல் தன் பழைய பாடத்தை மறக்கவில்லை என்பது மட்டுமே இதன் பொருள்.

என்ன நடந்தது என்று யாரிடமும் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. “தொடுவதற்கு முன் என்னைக் கேளுங்கள், கை வைக்காமல் வாயால் சொல்லிக் கொடுங்கள்” என்று தாதியிடம் சொன்னால் போதும். காரணம் கேட்கமாட்டார்கள், பலருக்குப் புரியும். இரவு வேளைதான் சிரமம் என்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கொடுங்கள். இடையில் மெல்லிய துணி ஒன்று இருந்தால் சிலருக்கு ஆறுதல். பகலில் மட்டும் நேரடியாகக் கொடுத்து, இரவுக்குப் பீய்ச்சி வைத்த பாலைப் புட்டியில் கொடுப்பவர்களும் உண்டு. குழந்தை வளர்ந்து, பால் குடித்துக்கொண்டே மறு மார்பைக் கையால் துழாவத் தொடங்கும் மாதங்களில் இந்தக் கூச்சம் புதிதாகத் தலைகாட்டலாம். கழுத்தில் ஒரு மணிமாலையைப் போட்டுக்கொண்டு குழந்தையின் கைக்கு அதைக் கொடுத்துவிடலாம். இவற்றில் எதுவும் உதவாமல் ஒவ்வொரு வேளையும் நரகமாக இருந்தால், நிறுத்துவதும் சரியான முடிவே.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். சிலருக்குப் பால் இறங்குவதற்குச் சற்று முன் காரணமில்லாத துயரமோ வெறுப்போ திடீரென்று வந்து, சில நிமிடத்தில் தானாகவே மறைந்துவிடும். அது பால் இறங்கும் தருணத்து இயக்குநீர் மாற்றத்தோடு தொடர்புடைய உடல்நிகழ்வு. பழைய நினைவு எதுவும் கூடவே வராது. அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தாலே பலருக்குப் பாதிப் பாரம் குறைகிறது.

இவ்வளவு பட்ட ஒருவர் தாய்ப்பால் கொடுப்பதால் அவருக்கு என்ன நன்மை?

அமெரிக்க உளவியலாளர் கேத்லீன் கெண்டால்-டாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 59 நாடுகளைச் சேர்ந்த 6,410 தாய்மாரிடம் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றிக் கேட்டறிந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்த தாய்மாருக்குத் தூக்கக் குறைவும் மனச்சோர்வும் கூடுதலாகவே இருந்தன. ஆனால் அவர்களில் முழுமையாகத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. பால் கொடுக்கும்போது உடலின் அழுத்த எதிர்வினை தணிகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இது கேட்டறிந்த ஆய்வு; எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அறுதியிட முடியாது. சற்று நலமாக இருந்தவர்களால்தான் தொடர முடிந்தது என்றும் வாதிடலாம்.

இதை நான் சொல்வது யாரையும் வற்புறுத்த அல்ல. “என்னிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள், இது ஒன்று மட்டும் என்னுடையது” என்று ஒரு தாய் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இன்னொருவருக்குப் பால்மாவுக்கு மாறிய நாளில்தான் முதன்முதலாக மூச்சு வந்தது. இருவருமே நல்ல தாய்மார்.

இது மனச்சோர்வா, வெறும் களைப்பா?

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது மிகச் சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையிடம் ஒட்டுதலே வராவிட்டால், நடந்த சம்பவம் கண்முன் ஓடிக்கொண்டே இருந்தால், சாக வேண்டும் என்று தோன்றினால் அது களைப்பு அல்ல. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் எடின்பரோ அளவுகோல் எனப்படும் வினாத்தாளைத் தருவார்கள். 1987இல் உருவாக்கப்பட்ட அதில் பத்தே கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. பக்கத்தில் கணவர் உட்கார்ந்து கேள்விகளை வாசிக்க, மனைவி “இல்லை, இல்லை” என்று தலையசைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளைத் தனியாக நிரப்ப வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

மருந்து எடுத்தால் பாலை நிறுத்த வேண்டும் என்ற பயத்தால் பலர் மருத்துவரிடமே போவதில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அவை வழக்கமாகவே தரப்படுகின்றன. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்த வேண்டாம். பேச யாரும் இல்லாத இரவில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767ஐயும் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மார்பில் அடிபட்டுக் கன்றியிருக்கிறது. பால் கொடுக்கலாமா?

வலி தாங்கும் அளவில் இருந்தால் கொடுக்கலாம். வலிக்கும் பக்கத்தில் மெதுவாகப் பீய்ச்சிவிட்டு மறுபக்கம் கொடுங்கள். தேங்கவிட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். பாரசிட்டமோல், ஐபுபுரோஃபென் இரண்டும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை. கோடீன் கலந்த வலி மருந்தைத் தவிருங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், எப்படி அடிபட்டது என்று அவர் எழுதிவைக்கட்டும். அந்தக் குறிப்பு பின்னால் நீதிமன்றத்தில் பேசும்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? குழந்தையைப் பறித்துக்கொள்வார்களா?

முதலில் மொழி. உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று மாமியாரோ கணவரோ மொழிபெயர்க்க உள்ளே வந்தால், உண்மை வெளியே வர வழியே இல்லை. “தமிழ் பேசும் தாதி வேண்டும்” என்று கேளுங்கள். எடை பார்க்கும் அறை, சிறுநீர்ச் சோதனைக்குப் போகும் கழிவறை, மார்பைக் காட்ட வேண்டிய பரிசோதனை ஆகியவை உடன் வந்தவரை வெளியே நிறுத்தக்கூடிய தருணங்கள். அங்கே “வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை” என்ற ஒரே வாக்கியம் போதும். மருத்துவச் சமூக ஊழியரிடம் அனுப்புவார்கள். நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே, “நான் சொல்வதில் எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை மற்றவர்களிடம் சொல்லியாக வேண்டும்?” என்று கேட்டுவிடுவது நல்லது. உயிருக்கோ குழந்தைக்கோ உடனடி ஆபத்து என்றால் அவர்கள் சும்மா இருக்க முடியாது. உதவி கேட்டதற்காகத் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது அவர்களின் நோக்கமல்ல; தாயும் சேயும் சேர்ந்து பாதுகாப்பாக இருக்க வழி தேடுவதே அவர்கள் முதலில் செய்வது. அந்த அச்சத்தைத் திரும்பத் திரும்ப உங்கள் காதில் போடுபவர் யார் என்று மட்டும் கவனியுங்கள்.

நான் நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறேன். பாதுகாப்பு ஆணை கேட்க முடியுமா?

முடியும். குடும்ப வன்முறையில் ஈடுபடக் கூடாது என்று ஒருவரைத் தடுக்கும் தனிநபர் பாதுகாப்பு ஆணையைக் கோருவதற்குக் குடியுரிமை தேவையில்லை. முஸ்லிம் பெண்களும் அதைக் குடும்ப நீதிமன்றங்களிலேயே கேட்கலாம். கணவர்மீது மட்டுமன்றி மாமியார், மாமனார் மீதும் கோரலாம்; சட்டம் அவர்களையும் குடும்பத்தினராகவே கொள்கிறது. ஆபத்து நெருங்கி நிற்கிறது என்றால், விசாரணை முடியும்வரை காக்கும் விரைவு ஆணையை நீதிமன்றம் பிறப்பிக்கலாம். வீட்டில் அவர் தங்கக் கூடாது, அல்லது குறிப்பிட்ட அறைக்குள் வரக் கூடாது என்றும் ஆணையிடலாம். பேவ் போன்ற பாதுகாப்புச் சேவை நிலையங்கள் விண்ணப்பத்துக்கு உதவும். வருகை அனுமதியை ரத்து செய்துவிடுவதாக அவர் மிரட்டியிருந்தால், அந்த மிரட்டலையே முதல் சந்திப்பில் அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் பலரைக் கட்டிப்போடுகிறார்கள். 24 மணி நேர வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000. தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

திடீரென்று வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் பாலுக்கு என்ன செய்வது?

குழந்தை கையில் இருந்தால் உணவும் கூடவே வருகிறது; புட்டி வேண்டாம், வெந்நீர் வேண்டாம். நள்ளிரவில் காவல் நிலையத்து நாற்காலியில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழின் அச்சுப்படி, சுகாதாரப் புத்தகம், உங்கள் அடையாள அட்டை அல்லது கடப்பிதழும் அனுமதி அட்டையும், வங்கி அட்டை, அன்றாட மருந்து, இரண்டு மாற்றுத் துணி ஆகியவற்றை டயப்பர்ப் பையின் அடியில் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பை எப்போதும் கதவோரம் தொங்குவதுதானே.

குழந்தை உடன் இல்லாத நிலை வந்தால் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. பம்ப்பை எடுத்துவர முடியாமல் போனாலும் கவலை வேண்டாம், கை போதும். கையைக் கழுவிக்கொண்டு, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, மேலே கட்டைவிரலும் கீழே மற்ற விரல்களுமாகப் பிறைபோல் வையுங்கள். காம்பைப் பிதுக்கக் கூடாது. முதலில் விரல்களை விலா எலும்புகளை நோக்கிப் பின்னால் அழுத்துங்கள், பிறகு இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். பின்னால், சேர்த்து, விடு என்று ஒரே தாளத்தில். தோலில் தேய்க்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, பிறகு சொட்டும், அதற்குப் பிறகு பீறிடும். வேகம் குறைந்ததும் விரல்களைச் சுற்றிலும் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுத்தமான குவளையோ தேநீர்க் கோப்பையோ இருந்தால் போதும்.

எடுத்த பாலை 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம்வரை வைக்கலாம் என்பது பொது விதி. குளிரூட்டி இல்லாத நம் ஊர் அறையில் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்கே நான்கு நாள்வரை இருக்கும். தங்குமிடத்தில் பெட்டி பொதுவானது என்றால் தேதியும் பெயரும் எழுதி ஒட்டுங்கள்.

பால் நின்றே போய்விட்டது. திரும்ப வருமா?

பெரும்பாலும் வரும், ஓரளவேனும். இரண்டு மூன்று வாரமே ஆகியிருந்தால் எளிது. மாதங்கள் கடந்திருந்தால் பொறுமை வேண்டும். நாளுக்கு 8 முதல் 12 முறை குழந்தையைச் சப்ப வைப்பதோ பீய்ச்சுவதோதான் வழி. இரவில் புரோலாக்டின் கூடுதலாகச் சுரப்பதால் இரவு ஒரு வேளையை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்து சில நாளில், எதுவும் செய்யாமலேயே ஒரு நாள் காலையில் சட்டை நனைந்திருந்ததைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒரே நாளில் நிறுத்தாமல், சில நாளுக்கு ஒரு வேளையாகக் குறையுங்கள். மார்பு கனத்தால் ஆறுதலுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிக்கொள்ளுங்கள்.

நான் அந்தப் பெண்ணின் அம்மா, ஊரில் இருக்கிறேன். தொலைபேசியில் என்ன கேட்க வேண்டும்?

“பொறுத்துப் போம்மா, பிள்ளை பிறந்தால் சரியாகிவிடுவார்” என்று ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். பிள்ளை பிறந்துவிட்டது. இனி “பால் நல்லா வருதா?” என்று தொடங்காமல், “நீ இப்போ தனியா இருக்கியா? பேச முடியுமா?” என்று தொடங்குங்கள். இல்லை என்றால் சமையலைப் பற்றிப் பேசிவிட்டு வையுங்கள். பேச முடியாதபோது உங்களிடம் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அது “சுண்டைக்காய் வத்தல் அனுப்பும்மா” என்றிருந்தது. அதைக் கேட்டதும் கேள்வி கேட்காமல், சிங்கப்பூரில் அவளுக்கு நெருக்கமான ஒருவரை உடனே அவள் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். அந்த ஒருவர் யார் என்று இன்றே கேட்டு, எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.